எடுத்து வைத்த காபி

ஹூஸ்டன்,
ஜூன், ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு ஹம்சாவுக்கு,

அம்மா எழுதுவது. கடிதத்தின் தலையில் என்ன போடுவது என்று பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நிறைய நேரம் யோசித்தேன். கல்யாணமான பெண்ணுக்கு எழுதும்போது 'சௌபாக்கியவதி' என்று ஆரம்பிப்பதுதான் நம் வழக்கம். அதை எழுதினால் உனக்குக் கோபம் வரும். எழுதாமல் விட்டால் எனக்கு மனசு கேட்கவில்லை. கடைசியில் வெறும் 'அன்பு' என்று போட்டேன். அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் செய்தால் நீ மீட்டிங்கில் இருக்கிறாய். மெசேஜ் அனுப்பினால் ஒரு கட்டைவிரல் வருகிறது. அந்தக் கட்டைவிரலைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. கடிதம் என்றால், அதுவும் தமிழில் என்றால், நீ எழுத்துக் கூட்டித்தான் படித்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைதோறும் அழுதுகொண்டே தமிழ்ப் பள்ளிக்குப் போனாயே, அதன் பலன் இன்றைக்காவது எனக்குக் கிடைக்கட்டும். மெதுவாகப் படி. நடுவில் மூடி வைத்துவிட்டு நாளைக்குப் படித்தாலும் பரவாயில்லை.

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கறிவேப்பிலைச் செடிக்கு மட்டும் கொண்டாட்டம், வேலிக்கு மேல் போய்விட்டது. அப்பாவுக்கு பிரஷர் கட்டுக்குள் இருக்கிறது. ரிட்டையர் ஆனதிலிருந்து போனில் ஸ்பானிஷ் படிக்கிறார். பூனை பால் குடிக்கிறது, என் மாமாவின் சட்டை சிவப்பு என்று நாள் முழுக்க யாரோ ஒரு பெண் சொல்ல, இவர் திருப்பிச் சொல்கிறார். இல்லாத மாமாவுக்கு எதற்குச் சட்டை என்று கேட்டால் கோபம் வருகிறது.

இப்படி ஊர்க் கதை எழுதிக்கொண்டே போகலாம். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாதவ் உன்னை விட்டுத் தன் சாமான்களை எடுத்துக்கொண்டு போய் அரை வருஷம் ஆகிறது. குளிரில் நானும் அப்பாவும் அங்கே வந்து உன்னோடு சில நாள் இருந்துவிட்டுத் திரும்பினோம். அதற்குப் பிறகு, கொஞ்ச காலத்துக்கு யாரும் வர வேண்டாம், எனக்கு ஸ்பேஸ் வேண்டும் என்று நீ எழுதினாய். நாங்களும் வரவில்லை. நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, அவ்வளவு பெரிய வீட்டில் எந்த அறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய், எதுவும் எனக்குத் தெரியாது. இந்தக் கடிதத்தில் நான் யாரைப் பற்றி எழுதினாலும் என் நினைப்பு வெஸ்ட் வின்ட்சரில் உன் வீட்டில்தான் இருக்கிறது.

எழுதப்போவது பக்கத்து வீட்டு கிரேசியேலாவைப் பற்றி. அவள் கணவர் எர்னெஸ்டோ ஏப்ரலில் இறந்துபோனதைப் போனில் உனக்குச் சொன்னேன். 'ஓ நோ' என்றாய். உன் கல்யாணத்தில் வேஷ்டிக்கு மேல் தோல் பெல்ட் போட்டுக்கொண்டு, நாகஸ்வரத்துக்கு ஆடியவர் அவர்தான். மறந்திருக்க மாட்டாய். அதற்குப் பிறகு நடந்ததை நான் உனக்குச் சொல்லவில்லை.

அவர்களோடு எங்களுக்குப் பழக்கம் ஏற்பட்டதே காபியால்தான். நீ வேலைக்காக நியூஜெர்ஸி போன வருஷம் பெரிய புயல் அடித்து, நம் தெருவில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஸ்டவ் எரியவில்லை. காபி இல்லாமல் அப்பா மனிதராகவே இல்லை. ஒரு காலையில் எர்னெஸ்டோ கொல்லையில் கரி அடுப்பை மூட்டி, மண்பானையில் பட்டையும் வெல்லமும் போட்டுக் காபி கொதிக்க வைத்தார். பானையோடு வேலிக்கு வந்து, 'கஃபெசீத்தோ' என்று உரக்கக் கூப்பிட்டார். ஸ்பானிஷில் குட்டிக் காபி என்று அர்த்தமாம். அவர் கொடுத்த கப் என்னவோ அரைப் படி இருக்கும். பாலில்லாத காபியை வாழ்நாளில் தொடாத உன் அப்பா இரண்டு கப் குடித்தார்.

அவர்கள் வழக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எனக்குப் புரிந்தது. காபிக்கு ஒருவர் அழைத்தால் எல்லாம் அழைத்தவர் பொறுப்பு. ஒருமுறை கிரேசியேலா என்னை அவர்கள் பேக்கரிக்குக் கூட்டிப்போனாள். நான் நம் ஊர்ப் பழக்கத்தில் பில்லைப் பிடுங்கப் பார்த்தேன். என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துவிட்டாள். ஸ்கூலில் கணக்கு டீச்சராக இருந்தவள், பிடி பலமாகத்தான் இருக்கும். அழைத்தது நான், என் சந்தோஷத்தில் கை வைக்காதே என்றாள். அடுத்த முறை நீ அழை, அப்போது நான் பர்ஸையே கொண்டுவர மாட்டேன் என்றாள். அன்றிலிருந்து ஒருமுறை அவள், ஒருமுறை நான். அவள் என்னைக் 'கொமாத்ரே' என்று கூப்பிட ஆரம்பித்தாள். குழந்தையின் ஞானத்தாயைக் குழந்தையின் பெற்றோர் அப்படி அழைப்பார்களாம். நெருங்கிய சிநேகிதிக்கும் அதே உறவு கொடுத்துவிடுவார்கள். நாம் பழகின பெண்மணியை அக்கா என்பதுபோல.

இன்னொரு வழக்கம்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. காபி குடித்து முடித்த பிறகுதான் அவர்களுக்கு விருந்தே தொடங்குகிறது. காலியான கப்புகளை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதற்கு சோப்ரெமேசா என்று ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். என் கை சும்மா இருக்குமா? கடைசி வாய் உள்ளே போகும்முன் டம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் கழுவிக் கவிழ்த்துவிடுவேன். கிரேசியேலா முதல் சில தடவை எழுந்து செருப்பைத் தேடியிருக்கிறாள். கிளம்பு என்று நான் சொல்வதாக நினைத்துவிட்டாளாம். பல மாதம் கழித்து எர்னெஸ்டோதான் இதைச் சொல்லிச் சிரித்தார். அவர் சொன்ன பிறகும் என் கை மாறவில்லை. பாதி நேரம் அவளே என் டம்ளரைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்வாள்.

ஏப்ரலில் எர்னெஸ்டோ புல் வெட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வந்தது, ஆஸ்பத்திரியிலிருந்து அவர் திரும்பவில்லை. அடக்கம் முடிந்த அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கூடம் நிறைய ஜனங்கள். மெழுகுவர்த்தி, பூ, ஜெபமாலை. மூலையில் ஒரு மேஜையில் அதே மண்பானையில் காபி, தட்டுகளில் இனிப்பு பன். வருகிற ஒவ்வொருவர் கையிலும் கிரேசியேலாவின் அக்கா ஒரு கப்பைக் கொடுத்தாள். என்னிடமும் நீட்டினாள். நான் வேண்டாம் என்றேன். மறுபடி நீட்டினாள். மறுபடியும் வேண்டாம் என்றேன். கடைசியில் கிரேசியேலாவே எழுந்து வந்து, தன் கையால் கப்பைக் கொடுத்தாள். நான் கைகூப்பித் தலையை ஆட்டினேன்.

உனக்குத் தெரியும். நம் வீட்டில் சாவு வீட்டில் கை நனைக்க மாட்டோம். துக்கத்தில் இருக்கிறவர்களுக்கு நாம் வேலை வைக்கக் கூடாது, அவர்கள் அடுப்பில் பூனை தூங்க வேண்டிய நாள் அது. அப்படித்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். துக்க வீட்டில் 'போய்ட்டு வரேன்' என்று சொல்லக் கூடாதே. அந்த வார்த்தையைச் சொன்னால் மறுபடி இதே காரியத்துக்கு வர வேண்டியிருக்கும் என்று பயம். வீட்டுக்கு வந்து, கராஜ் வழியாக நுழைந்து, கட்டியிருந்ததை வாஷரில் போட்டுவிட்டுத் தலைக்குக் குளித்தேன். எல்லாவற்றையும் சரியாகச் செய்தோம் என்று திருப்தியாகக்கூட இருந்தது.

நான் குளித்துக்கொண்டிருக்கும்போது கிரேசியேலாவின் பெண் மாரிசோல் ஒரு தட்டில் பன் கொண்டுவந்திருக்கிறாள். நான் எதுவும் சாப்பிடாமல் போய்விட்டேன் என்று அவள் அம்மா கொடுத்தனுப்பியது. கதவைத் திறந்தவர் உன் அப்பா. சும்மா வாங்கிக்கொண்டு தேங்க்ஸ் சொல்லியிருக்கலாம். அவருக்கு எதையும் விளக்கியாக வேண்டும். காமாக்ஷி குளித்துக்கொண்டிருக்கிறாள், சாவு வீட்டிலிருந்து வந்தால் நாங்கள் குளித்துவிடுவோம், துணியையும் துவைத்துவிடுவோம் என்று இங்கிலீஷில் நிதானமாக விளக்கியிருக்கிறார். தீட்டு என்பதற்கு 'கன்டாமினேஷன்' என்று ஒரு வார்த்தை வேறு. கெமிக்கல் பிளான்ட்டில் வேலை பார்த்த மனிதருக்கு வேறு என்ன வார்த்தை வரும்? அந்தப் பெண் 'ஓகே அங்கிள்' என்று சொல்லித் தட்டைப் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் சாயங்காலம் அவர்கள் வீட்டு வாசலில் கார்கள் நின்றன. ஜெபம் கேட்டது. நான் போகவில்லை. துக்கம் விசாரிக்க ஒருமுறைதான் போவார்கள், திரும்பத் திரும்பப் போய்ப் புண்ணைக் கிளறக் கூடாது. பதிமூன்று நாள் போகட்டும், அப்புறம் போய்ப் பார்க்கலாம் என்று காத்திருந்தேன். அவளை நிம்மதியாக விட்டிருக்கிறோம் என்று நினைத்தேன்.

பதிமூன்றுக்கு அப்புறம் அவள் குப்பைத்தொட்டியை உள்ளே இழுக்கும்போது வாசலில் பார்த்தேன். கூப்பிட்டேன். நின்று, 'செஞ்யோரா' என்று தலையை அசைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். செஞ்யோரா என்றால் மேடம். கொமாத்ரே போய்விட்டது. வேலிப் பக்கத்து ஜன்னலில் திரை விழுந்தது. காரில் போனால் நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டு போனாள். துக்கத்தில் இருக்கிறாள், அப்படித்தான் இருக்கும் என்று அப்பா சொன்னார். எனக்கு அப்படிப் படவில்லை. துக்கம் எல்லோரிடமும்தானே இருக்க வேண்டும்? எதிர் வீட்டுக்காரியிடம் நின்று பேசுகிறாளே.

ஹம்சா, எனக்கு இங்கே கோயில் சிநேகிதிகள் நிறைய. ஆனால் யாரிடம் நான் உன்னைப் பற்றிப் பேசுவேன்? 'ஹம்சா எப்படி இருக்கா, விசேஷம் ஏதாவது உண்டா' என்று கேட்டால், நன்றாக இருக்கிறாள் என்று சொல்லிப் பிரசாதத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன். மாதவ் போன விஷயம் தெரிந்த வெளி மனுஷி கிரேசியேலா ஒருத்திதான். ஜனவரியில் உன் வீட்டிலிருந்து திரும்பியதும் அவள் முன்னால் உட்கார்ந்துதான் அழுதேன். அவளும் போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று பயமாக இருந்தது. அதை உன்னிடம் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

மே மாதக் கடைசியில் மாரிசோல் வந்திருந்தாள். தபால்பெட்டி அருகில் பிடித்துக்கொண்டேன். உன் சிநேகிதர்களைப் பார்த்து அவளும் என்னை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவாள். அம்மாவுக்கு என் மேல் என்ன கோபம் என்று நேராகக் கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றாள். நான் நகரவில்லை. பிறகு சொன்னாள்.

"ஒன்பது நாளும் அம்மா உங்களுக்கு ஒரு கப் காபி ஊத்தித் தனியா எடுத்து வெச்சாங்க, ஆன்ட்டி. ஜெபம் முடிஞ்சு எல்லாரும் போன பிறகு, ஆறிப்போன காபியை அவங்களே சிங்க்ல கொட்டினாங்க."

தபால்பெட்டிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் காபி எங்கள் அப்பா அழைக்கிற கடைசிக் காபி, அம்மா அப்படித்தான் சொல்லுவாள் என்றாள் மாரிசோல். வந்தவர்களுக்கு அவர் கொடுப்பதாகத்தான் நினைத்துக் கொடுப்போம். முதல் நாள் நீங்கள் வேண்டாம் என்றீர்கள். போய் உடனே குளித்தீர்கள். அம்மா அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். திரும்பி வருவீர்கள் என்று நினைத்தாள். இவ்வளவும் அவள் கோபமில்லாமல்தான் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

எர்னெஸ்டோ வேலிக்கு மேலே பானையைத் தூக்கிக்காட்டிக் கூப்பிட்டது கண் முன்னால் வந்தது. புயலில் கூப்பிட்டபோது ஓடினேன். கடைசியாகக் கூப்பிட்டபோது கைகூப்பிவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது நான் என்ன செய்வது என்று அவளிடமே கேட்டேன். அம்மாவுக்கு ஒரு மெசேஜ் போடுங்கள் என்றாள். உங்கள் தலைமுறைக்கு எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான் மருந்து. யோசித்துப் பார்த்தேன். எர்னெஸ்டோ போவதற்கு முந்தின வாரம் கிரேசியேலாதான் என்னை அழைத்திருந்தாள். அடுத்தது என் முறை. அப்படியானால் நான்தான் அழைக்க வேண்டும், அவள் வாசலில் நின்று, அவள் பாஷையில். மாரிசோல் வாக்கியத்தைச் சொல்லிக் கொடுத்தாள். ஸ்பானிஷிலும் நீ, நீங்கள் உண்டு. எது சொல்ல என்று கேட்டேன். அது உங்களுக்குத்தான் தெரியும் ஆன்ட்டி என்றாள். செஞ்யோரா என்று என்னை நிறுத்தி வைத்தவளிடம் நீ என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. நீங்களையே கற்றுக்கொண்டேன். 'லே இன்வீத்தோ உன் கஃபெசீத்தோ.' உங்களை ஒரு குட்டிக் காபிக்கு அழைக்கிறேன், அவ்வளவுதான். அதில் வரும் 'உன்' என்பது 'ஒரு'. சமைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் சொல்லிப் பார்த்தேன். அப்பா தன் பாடத்தில் காபிக்கு அழைப்பது இன்னும் வரவில்லை, பூனைதான் ஓடுகிறது என்று வருத்தப்பட்டார். ஆனால் நான் சொல்லாமலே, நம் ஊர்க் கடைகள் இருக்கும் ஹில்கிராஃப்ட் வரை காரை ஓட்டிப்போய்ப் புதுக் காபிப்பொடி வாங்கிவந்தார். கன்டாமினேஷனுக்கு அவர் செய்த பிராயச்சித்தம் அது.

பன் வந்த தட்டு எங்கள் கராஜ் அலமாரியில் இருந்தது. பன்னை நாங்கள் தொடவில்லை என்பதை எழுதவே கை கூசுகிறது. தட்டைத் தேய்த்து, தேன்குழல் பிழிந்து நிரப்பிக்கொண்டு போய் மணி அடித்தேன். கறுப்பு உடையில் கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள். வாக்கியத்தைச் சொன்னேன். பயத்தில் பாதியில் குரல் போய்விட்டது, மறுபடி முதலிலிருந்து சொன்னேன். தட்டை வாங்கிக்கொண்டாள். கிராசியாஸ் என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. நான் வந்து ஃபில்டரில் பொடியைப் போட்டு டிகாக்ஷன் இறக்கினேன். பாலைக் காய்ச்சி வைத்தேன். இரண்டு டம்ளரை மேஜையில் வைத்தேன். அப்பாவை மாடிக்குப் போகச் சொன்னேன். அவர் இருந்தால் எதையாவது விளக்குவார். வெயில் தாழ்ந்த பிறகு கறிவேப்பிலைப் பக்கத்துக் கதவில் சத்தம் கேட்டது. முன்வாசல் வழியாக வராமல், எப்போதும் வருகிற கொல்லை வழியாகவே வந்தாள். கையில் பர்ஸ் இல்லை.

காபி கொடுத்தேன். குடித்தாள். நான்தான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னேன். துக்க வீட்டில் ஏன் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டோம், ஏன் குளிப்போம். ஏன் சொல்லிக்கொள்ளாமல் வருவோம் என்பதையும் சொன்னேன். எங்கள் பாஷையில் விடைபெறும்போது போகிறேன் என்று சொல்வதில்லை, போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்வோம். உன் வீட்டுக்கு இன்னொரு சாவு வரக் கூடாது என்றுதான் அதை நான் சொல்லவில்லை, உனக்காகத்தான் சொல்லவில்லை என்றேன். கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எனக்கு நீ திரும்பி வரணும்னுதான் இருந்துது. சாவு வந்தா வரட்டும், போனா போகட்டும். நீ வரணும்."

அவள் இங்கிலீஷில் சொன்னதை நான் தமிழில் எழுதியிருக்கிறேன். 'நீ' என்று நானாகப் போடவில்லை. ஏனென்றால் அடுத்த வார்த்தை கொமாத்ரே. சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். மாடிப்படியில் உன் அப்பா மூக்கை உறிஞ்சும் சத்தமும் கேட்டது. மாடிக்குப் போகச் சொன்னால் படியில் உட்கார்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

காபி தீர்ந்து வெகு நேரம் ஆயிற்று. டம்ளரின் அடியில் நுரை காய்ந்து ஒட்டிக்கொண்டது. என் கை அதை எடுக்கத் துடித்தது. புடவைத் தலைப்பில் கையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். எடுக்கவில்லை. எர்னெஸ்டோ அன்று வெட்டாமல் விட்ட பாதிப் புல் இன்னும் உயரமாகவே நிற்கிறதாம். அதை வெட்ட யாரையும் விடவில்லையாம். இதையெல்லாம் கப்புகள் கழுவப்பட்டிருந்தால் அவள் சொல்லியிருக்க மாட்டாள்.

கிளம்பும்முன் உன்னைப் பற்றிக் கேட்டாள். ஹம்சா எப்படி இருக்கிறாள் என்றாள். நன்றாக இருக்கிறாள் என்று வாய்வரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, எனக்குத் தெரியாது என்றேன். வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள், அதனால் போகவில்லை என்றேன். கிரேசியேலா என்னை நேராகப் பார்த்துச் சொன்னாள். நானும் ஒன்பது நாளும் யாரிடமும் காமாக்ஷியைக் கூட்டிவா என்று சொல்லவில்லை, கப்பை மட்டும்தான் எடுத்து வைத்தேன் என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அதிலிருந்து எனக்கு ஒரே யோசனை. ஜனவரியில் உன் வீட்டு வாசலில் டாக்ஸி வந்து நின்றபோது, பனியில் கோட்டுகூடப் போடாமல் நீ படியில் நின்றாய். நான் உன் தலையைத் தடவினேன். ஏறி உட்கார்ந்துவிட்டேன். போய்ட்டு வரேன் என்று சொல்லவில்லை. உனக்கு ஞாபகம் இருக்கிறதா? இந்தக் கஷ்டம் உனக்கு மறுபடி வரக் கூடாது என்று என் வாய் தானாக மூடிக்கொண்டது. அன்றைக்கு அது பிரியம் என்றுதான் நினைத்தேன். டாக்ஸி திரும்பும்வரை நீ அங்கேயே நின்றாய். எதற்காகவோ காத்திருந்தவள் போல நின்றாய் என்று இப்போது தோன்றுகிறது. தவறாகவும் இருக்கலாம். உன் மனசு எனக்குத் தெரியும் என்று நான் சொல்லப்போவதில்லை.

நீ யாரும் வர வேண்டாம் என்றாய். அது உன் வீடு, உன் வார்த்தை. நான் மீற மாட்டேன். உன் வாசலில் வந்து நின்று மணி அடிக்க மாட்டேன், பயப்படாதே. ஆனால் வெளியே ஒருவரைக் காபிக்கு அழைக்க யாருடைய அனுமதியும் வேண்டாம் அல்லவா?

ஜூலை முதல் வாரத்தில் நான் மட்டும் அங்கே வருகிறேன். அப்பா கறிவேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு இங்கே இருப்பார். ஹோட்டலில் அறை எடுத்துவிட்டேன். பிரின்ஸ்டன் ஜங்ஷன் ஸ்டேஷன் பக்கம், நியூயார்க் ரயிலுக்கு முன்னால் நீ காபி வாங்குவாயே, அந்தக் கடையில் தினமும் காலையில் உட்கார்ந்திருப்பேன். ஜன்னல் ஓரம். கைப்பையில் பின்னல் ஊசியும் நூலும் இருக்கும், எனக்குப் பொழுது போய்விடும், நீ அவசரப்பட வேண்டாம். வந்தாயானால் எல்லாம் என் பொறுப்பு. நீ பர்ஸ் கொண்டுவர வேண்டாம். பதிலும் கொண்டுவர வேண்டாம். மாதவ் பேரை நானாக எடுக்க மாட்டேன். வக்கீல், வீடு, அடுத்து என்ன, எதுவும் கேட்க மாட்டேன். நீ பேசாமல் உட்கார்ந்திருந்தால் நானும் உட்கார்ந்திருப்பேன். கடைக்காரப் பையன் வந்து காலிக் கப்பை எடுக்கப் பார்த்தால் அவனிடம் சண்டை போடுவேன்.

நீ வராவிட்டாலும் எனக்குக் கோபமில்லை. இரண்டு காபி வாங்குவேன். ஒன்று உன் பக்கம் இருக்கும். ஆறினால் ஆறட்டும். மறுநாள் சூடாக ஒன்று வாங்கிக்கொள்கிறேன்.

உனக்கு நான் நீங்கள் போட வேண்டியதில்லை. அதனால் மாரிசோல் சொல்லிக்கொடுத்த இன்னொன்றை, 'உன்னை அழைக்கிறேன்' என்பதைச் சொல்கிறேன். தே இன்வீத்தோ, ஹம்சா.

நீ நன்றாக இருக்க வேண்டும். எந்த அடைமொழியும் இல்லாமல், வெறும் ஹம்சாவாகவே நன்றாக இருக்க வேண்டும். அதற்குத் தினமும் விளக்கேற்றுகிறேன். அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், அதோடு உன் மாமாவின் சட்டை சிவப்பு என்றும் ஸ்பானிஷில் எழுதச் சொன்னார், அதை நான் எழுதவில்லை.

ஜனவரியில் உன் வாசலில் சொல்லாமல் விட்டதை இப்போது சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

போய்ட்டு வரேன்டி, கண்ணா. வரேன்.

உன்
அம்மா